புரோகிராமிங் யாருக்கு வரும்?

மே, ஜூன் மாதம் வந்துவிட்டால் மேல்விஷாரத்தில் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "சார், எங்க பையனுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வருமா?" கேட்பவர் டேனரியில் வேலை பார்ப்பவராக இருப்பார், ஆற்காட்டில் கடை வைத்திருப்பவராக இருப்பார், விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறிப் போகிற அம்மாவாக இருப்பார். புரோகிராம் எழுதத் தனி மூளை வேண்டும், அது சிலருக்குத்தான் அமையும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்ததும் பிள்ளைகளும் அதே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். "எனக்கு லாஜிக் வராது சார்" என்று, ரத்த குரூப்பைச் சொல்கிற நிச்சயத்தோடு சொல்கிறார்கள்.

இந்த நம்பிக்கை சரியா என்று பல்கலைக்கழகங்களில் நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். கணினியை எப்படிக் கற்பிப்பது என்பதே தனியொரு ஆய்வுத் துறையாக வளர்ந்திருக்கிறது. அதில் கண்டுபிடித்தவற்றில் பல நம் வகுப்பறைகளுக்கு வந்து சேரவில்லை. நான் வேலையிலிருந்து திரும்பியதும், மஃரிப் தொழுகைக்குப் பிறகு, அக்கம்பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன். வாலாஜா, ராணிப்பேட்டை, வேலூர் என்று பல கல்லூரிகளில் படிக்கிறவர்கள் வருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்திருப்பதும் இந்த ஆய்வுகளைப் படிப்பதும் சேர்ந்து எனக்குள் உறுதியாக்கிய ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரோகிராமிங் வராத பிள்ளை என்று ஒரு வகை கிடையாது. ஒரு நிரலை, அதாவது புரோகிராமை, படித்துப் புரிந்துகொள்ளச் சொல்லித் தராமலேயே எழுதச் சொல்கிறோம். நம் ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இந்த ஊருக்கு இது ஏன் முக்கியம்?

தோலில் வந்த பணம் கல்வியாக மாறிய ஊர் இது. தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரைத் தாங்கிய கல்லூரியை மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1965ல் தொடங்கியது. 1998ல் அதே பெயரில் பொறியியல் கல்லூரி வந்தது. பெண்களுக்கென்று தனிக் கல்லூரியும் இருக்கிறது. பாலாற்றங்கரையில், சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு சிறு நகராட்சியில் பள்ளியிலிருந்து பட்டமேற்படிப்புவரை நடந்தே போய்ப் படித்துவிடலாம்.

தோல் தொழில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலை தந்த காலம் போய்விட்டது. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் ஷிஃப்ட் குறைகிறது. கழிவுநீர் விதிமுறைகளுக்கு ஈடுகொடுக்க முடியாத சிறிய டேனரிகள் மூடிவிட்டன. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பிள்ளையாவது கம்ப்யூட்டர் படிக்கிறது. அந்தப் பிள்ளை முதல் வருஷத்திலேயே "எனக்கு வராது" என்று ஒதுங்கிவிட்டால் ஒரு குடும்பத்தின் கணக்கே மாறிப்போகும். கற்பிக்கும் முறை பற்றிய ஆராய்ச்சி நமக்குத் தூரத்து விஷயம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லா ஊரிலும் இதே கதைதான்

முதலில் ஓர் ஆறுதல். தடுமாறுவது நம் பிள்ளைகள் மட்டும் இல்லை.

2001ல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 216 மாணவர்களிடம் ஒரு சோதனை வைத்தது. எல்லோரும் முதல் புரோகிராமிங் பாடத்தை முடித்தவர்கள். கேட்டது, எளிய கால்குலேட்டர் நிரல் ஒன்று. 110 மதிப்பெண்ணுக்கு அவர்கள் வாங்கிய சராசரி 22.89. கற்பித்த ஆசிரியர்கள் எதிர்பார்த்ததற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம்.

அதற்கும் முன்பு, 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலவே ஒரு கணக்கைக் கொடுத்தார். எண்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே இரு. 99999 வந்தால் நிறுத்து. அதுவரை வந்தவற்றின் சராசரியைச் சொல். அவ்வளவுதான். பின்னாளில் இது மழைக் கணக்கு என்று பெயர் பெற்றது. தினமும் பெய்த மழையளவை வாங்கிச் சராசரி பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யேலில் முதல் பாடம் படித்தவர்களில் 14 சதவீதம் பேர்தான் சரியாக எழுதினார்கள். உலகின் பெரிய பெயர் பெற்ற பல்கலைக்கழகம் அது.

2007ல் டென்மார்க்கைச் சேர்ந்த பென்னெட்சென், காஸ்பெர்சன் இருவரும் பல நாட்டுக் கல்லூரிகளைக் கேட்டறிந்தபோது, முதல் புரோகிராமிங் பாடத்தில் சராசரியாக மூன்றில் ஒருவர் தேறவில்லை என்று தெரிந்தது. 2014ல் வாட்சன், லீ இருவரும் 15 நாடுகளில் 161 பாடங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ அதே விகிதம். எந்த மொழியில் புரோகிராம் கற்பித்தார்கள் என்பதால்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. "சி எடுத்துட்டுப் பைத்தான் போட்டா சரியாயிடும்" என்று நாம் பேசிக்கொள்வோமே, அதற்கு இது நேரடிப் பதில்.

இந்தியாவின் நிலவரமும் அளக்கப்பட்டிருக்கிறது. 2019ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கணினியியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரே தேர்வை வைத்தது. அமெரிக்க மாணவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள். மற்ற மூன்று நாடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தன. அமெரிக்காவுக்குப் படிக்கப் போன வெளிநாட்டு மாணவர்களைக் கழித்துப் பார்த்தாலும் அந்த இடைவெளி குறையவில்லை. நம்மிடம் திறமைசாலிகள் பிறக்கிறார்கள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நான்கு வருஷ வகுப்பறை அவர்களுக்கு என்ன சேர்த்துக் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

தனி மூளை என்ற கதை

"சிலருக்குப் பிறவியிலேயே வரும்" என்பதற்கு ஒரு காலத்தில் ஆராய்ச்சி ஆதாரமே இருப்பதாகப் பேசப்பட்டது. 2006ல் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் சயீத் டெஹ்னாடி, ரிச்சர்ட் போர்னட் இருவரும் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு சிறு தேர்வு வைத்து, யாருக்குப் புரோகிராமிங் வரும், யாருக்கு வராது என்று பிரித்துவிடலாம் என்றார்கள். உலகம் முழுக்க ஆசிரியர்கள் அதைப் படித்துத் தலையாட்டினார்கள். பிறகு அதே சோதனையைப் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. 2014ல் போர்னட் தன் கூற்றை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஓர் ஆய்வாளருக்கு இது பெரிய மரியாதை தரும் செயல். ஆனால் அந்தக் கட்டுரை போன வேகத்தில் வாபஸ் போகவில்லை. இன்றும் பல ஆசிரியர்கள் பழையதையே நம்புகிறார்கள்.

கனடாவில் எலிசபெத் பட்டிட்சாஸும் அவருடைய கூட்டாளிகளும் 2016ல் செய்த ஆய்வை நம் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பில் மதிப்பெண் எப்போதும் இரண்டு கும்பலாகப் பிரியும், நன்றாக வருகிறவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் ஒரு பக்கம் என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கம். பட்டிட்சாஸ் குழுவினர் ஒரு பல்கலைக்கழகத்தின் 778 வகுப்புகளின் மதிப்பெண்களை எடுத்துப் புள்ளியியல் முறையில் சோதித்தார்கள். அப்படிப் பிரிந்தவை 5.8 சதவீதம் மட்டுமே. மீதியெல்லாம் எந்தப் பாடத்திலும் காண்கிற சாதாரணப் பரவல்.

அதோடு விடாமல் அடுத்த அடியும் வைத்தார்கள். தெளிவில்லாத சில மதிப்பெண் வரைபடங்களைக் கணினி ஆசிரியர்களிடம் காட்டி, இதில் இரண்டு கும்பல் தெரிகிறதா என்று கேட்டார்கள். பிறவித் திறமையை நம்புகிற ஆசிரியர்களின் கண்ணுக்கு அதிகமாகத் தெரிந்தது. நம்பிக்கை முதலில் வந்துவிட்டது, பார்வை அதன் பின்னால் போனது. முன்வரிசையில் பதில் சொல்கிற நாலு பேரைப் பார்த்தே வகுப்பு நடத்தப்படுவதும், பின்வரிசையில் இருப்பவர் "நமக்கு இது இல்லை" என்று எடுத்துக்கொள்வதும் இந்த நம்பிக்கையின் விளைவுதான்.

மூன்று வரியில் ஒரு பிள்ளை எங்கே தடுக்குகிறது

என்னிடம் வரும் எல்லோருக்கும் முதல் நாள் நான் கொடுப்பது இந்த மூன்று வரிதான். டெஹ்னாடியின் தேர்விலும் இப்படித்தான் கேள்வி இருந்தது. யாருக்கு வரும் என்று பிரிக்க அவர் பயன்படுத்தினார். பிள்ளை எப்படி நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் பயன்படுத்துகிறேன்.

அ = 10
ஆ = 20
அ = ஆ

இப்போது அ எவ்வளவு, ஆ எவ்வளவு?

இரண்டுமே 20 என்பது விடை. வருகிற பதில்களைக் கேளுங்கள். ஒருவர் "அ 20, ஆ 10" என்பார். இரண்டும் இடம் மாறிக்கொண்டதாக நினைக்கிறார். ஒருவர் "அ 20, ஆ காலி" என்பார். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றில் தண்ணீரைக் கொட்டியது மாதிரி அவருக்குத் தோன்றுகிறது. ஒருவர் "அ 30" என்பார். இன்னொருவர் "பத்தும் இருபதும் எப்படி சார் சமமாகும், இந்தக் கணக்கே தப்பு" என்பார். இவர்தான் எல்லோரையும்விடக் கவனமாக யோசித்தவர். பள்ளியிலிருந்தே சமக்குறிக்கு என்ன பொருள் சொல்லித்தந்தோமோ அதை மாறாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் எந்தப் பதிலும் மூளைக் குறைவால் வந்தது இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. இயந்திரம் உள்ளே என்ன செய்கிறது என்ற படம் மனதில் இல்லாதபோது, தெரிந்த வேறொரு படத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் பெனடிக்ட் டு புலே 1980களிலேயே இதை எழுதினார்: புரோகிராமிங் கற்பிக்கிறவர் அந்த மனப்படத்தை வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும், தானாக வரும் என்று விட்டுவிடக் கூடாது.

2004ல் ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் லிஸ்டரும் குழுவினரும் ஏழு நாடுகளின் மாணவர்களிடம் வேறு மாதிரிச் சோதித்தார்கள். நிரல் எழுதச் சொல்லவே இல்லை. எழுதிய நிரலைக் கொடுத்து, ஓடினால் என்ன வரும், விடுபட்ட இடத்தில் எந்த வரி பொருந்தும் என்று கேட்டார்கள். பலர் அதிலேயே தடுமாறினார்கள். மெக்ராக்கன் கண்ட தோல்விக்கு விளக்கம் இங்கே கிடைத்தது. படிக்கவே வராத ஒன்றை எழுதச் சொல்லியிருக்கிறோம்!

அந்த ஆய்வாளர்கள் விடைத்தாளின் ஓரத்தில் மாணவர்கள் கிறுக்கியதையும் சேகரித்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பெயரில் எந்த மதிப்பு இருக்கிறது என்று தாளில் எழுதி எழுதிப் போனவர்கள் சரியாக விடை சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். ரஃப் நோட்டில் ஒரு கட்டம் போடு, ஒவ்வொரு வரி ஓடியதும் மதிப்பை மாற்றி எழுது, பழையதை அடி. மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்காதே. "லாஜிக் வராது" என்று வந்த பிள்ளைகள் இந்தக் கட்டம் போடப் பழகியதும் லூப்புக்குள், அதாவது ஒரே வரிகள் திரும்பத் திரும்ப ஓடும் இடத்துக்குள், பயமில்லாமல் போவதைப் பார்க்கிறேன்.

நம் தேர்வு முறையோடு இதை வைத்துப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் வழக்கமான வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, பதின்மூன்று மதிப்பெண் கேள்வி ஐந்து, பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. இரண்டு மார்க்குக்கு வரையறை. பதின்மூன்றுக்குப் பெரிய விடை, அதோடு ஒரு புரோகிராம். பல பிள்ளைகள் அந்தப் புரோகிராமை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். ரெக்கார்டு நோட்டில் சீனியரிடமிருந்து பார்த்து எழுதுகிறார்கள். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து, "இந்த வரியை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டால் வாய் அடைத்துப் போகிறது. எட்டுப் பக்கம் எழுதக் கை பழகியிருக்கிறது, எட்டு வரியைப் படிக்கக் கண் பழகவில்லை.

அட்டைகளை வைத்து ஒரு பாடம்

இதை மாற்றிக் காட்டிய ஒரு நல்ல உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020ல் இணையவழி இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஜேஇஇ தேவையில்லை, சில வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். அதன் அடிப்படை நிலையில் கணினிச் சிந்தனை என்று ஒரு பாடம். சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்தும் ஐஐடியின் ஜி. வெங்கடேஷும் நடத்துவது. அதில் பாடம் தொடங்குவது கீபோர்டில் இல்லை, அட்டைகளில். ஒரு கட்டில் மாணவர்களின் மதிப்பெண் அட்டைகள், ஒன்றில் கடை பில்கள், ஒன்றில் ஒரு பத்தியின் சொற்கள், அட்டைக்கு ஒரு சொல். முதல் அடுக்கிலிருந்து மேல் அட்டையை எடு, பார், வேண்டிய எண்ணைக் குறித்துக்கொள், இரண்டாம் அடுக்கில் வை, அட்டை தீரும்வரை செய். லூப், மாறி, நிபந்தனை என்று புத்தகம் தனித்தனி அத்தியாயமாகச் சொல்வதெல்லாம் கைக்குள் வந்துவிடுகிறது.

அதை முதன்முதலில் பார்த்தபோது எங்கள் ஊர் டேனரியின் செலக்ஷன் மேசைதான் நினைவுக்கு வந்தது. பதப்படுத்திய தோலை அடுக்கி வைத்திருப்பார்கள். செலக்ஷன் பார்க்கிறவர் ஒன்றை எடுத்து மேசையில் விரிப்பார். கீறல், உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட வெட்டு எல்லாம் வெளிச்சத்தில் பார்த்து, கையால் தடவி, தரத்துக்கு ஏற்ற அடுக்கில் போடுவார். அடுக்கு தீரும்வரை இதுதான். எத்தனை தோல், மொத்தம் எத்தனை சதுர அடி என்ற கணக்கும் கூடவே ஓடும். ஓர் அடுக்கிலேயே பெரிய தோலைக் கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன செய்வார்? முதல் தோலைத் தனியே வைத்துக்கொள்வார். அடுத்தது அதைவிடப் பெரிதா? ஆமென்றால் பழையதைப் போட்டுவிட்டு இதை வைத்துக்கொள்வார். பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரல் வரிக்கு வரி இதேதான். "எங்க குடும்பத்துல யாருக்கும் லாஜிக் கிடையாது சார்" என்று சொன்ன ஒரு பிள்ளையின் அப்பா அந்த மேசையில்தான் காலம் முழுக்க வேலை பார்க்கிறார். நான் அதை எடுத்துச் சொன்னபோது அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது.

நம் பாடத்திட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் முதல் செமஸ்டர் பைத்தான் தாளின் முதல் யூனிட்டைப் பாருங்கள். பட்டியலில் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பது, வரிசையாக அடுக்கிய அட்டைகளுக்குள் புதிய அட்டையைச் செருகுவது, ஹனோய் கோபுரம் என்று எடுத்துக்காட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். பாடத்திட்டம் எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். அட்டையை நிஜமாகவே கையில் எடுத்தீர்களா என்று என்னிடம் வருகிற பிள்ளைகளைக் கேட்டால், ஃப்ளோசார்ட் வரைந்தோம் என்கிறார்கள். நாங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எண் எழுதி வைத்திருக்கிறோம். நல்ல தடித்த அட்டை. செலவு ஒன்றும் இல்லை.

சூழலோடு சேர்த்துக் கற்பிப்பதால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 1999 முதல் எல்லா மாணவர்களும் ஒரு கணினிப் பாடம் படிக்க வேண்டும் என்று வைத்தது. கலை, கட்டடக்கலை, மேலாண்மை படிக்கிறவர்களில் பாதிப்பேர்கூடத் தேறவில்லை. 2003ல் மார்க் கஸ்டையல், அவர்களுக்காகப் படங்களையும் ஒலியையும் மாற்றி அமைப்பதை வைத்துப் பாடத்தை வடிவமைத்தார். தேர்ச்சி சராசரியாக 85 சதவீதத்துக்குப் போனது. அதே லூப், அதே பட்டியல்; எதைச் செய்ய அவை உதவுகின்றன என்பது மாறியது. இங்கே ஏற்றுமதி இன்வாய்ஸ், சதுர அடிக் கணக்கு, பாலாற்றுப் படுகை மழையளவு, ஆற்காடு பஸ் நேரம் என்று எத்தனையோ இருக்கின்றன.

பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, உன் பேச்சிலேயே பேசு

நிறைய ஆதாரம் உள்ள முறை ஒன்று உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் தொடங்கியது. ஆசிரியர் ஒரு கேள்வியைப் போடுவார், நாலு விடை கொடுப்பார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவர்களோடு பேசி, ஏன் அந்த விடை என்று வாதாடி, மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில்தான் ஆசிரியர் விளக்குவார்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லியோ போர்ட்டர், சிந்தியா லீ, பெத் சைமன் மூவரும் நான்கு கணினிப் பாடங்களில் இதன் விளைவைப் பல வருஷத் தரவோடு பார்த்தார்கள். 2013ல் வெளியிட்ட முடிவு: வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 20 சதவீதம் பேர் தோற்றார்கள், இந்த முறையில் 7 சதவீதம். அங்கே வாக்களிக்க ரிமோட் போன்ற ஒரு கருவி கொடுத்தார்கள். இங்கே விரலைக் காட்டினால் போதும். முதல் விடைக்கு ஒரு விரல், இரண்டாவதற்கு இரண்டு.

இந்த முறை நம் ஊருக்கு இன்னொரு காரணத்தாலும் பொருந்தும். பல பிள்ளைகள் பன்னிரண்டாவதுவரை தமிழ் மீடியம், சிலர் உருது மீடியம். கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில். 2018ல் பிலிப் குவோ, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத 840 பேரிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். 86 நாடுகளிலிருந்து பதில் வந்தது. பாடப்பொருளைப் படிப்பதிலும், சந்தேகத்தைக் கேட்பதிலும், நிரலைப் படிப்பதிலும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியிருப்பதாக அவர்கள் சொன்னார்கள். இந்தி மீடியத்திலிருந்து வந்த மாணவர்கள் புரோகிராமிங்கை எப்படிக் கற்கிறார்கள் என்று ஐஐடி பம்பாயில் யோகேந்திர பாலும் ஸ்ரீதர் ஐயரும் ஆராய்ந்திருக்கிறார்கள். இது நம் நாட்டுக் கேள்வி. நம் நாட்டிலேயே ஆய்வும் நடக்கிறது.

முத்து அண்ணாமலை தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியை உருவாக்கினார். அந்த உழைப்பு மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. வேலைக்குப் போகிற பிள்ளை பைத்தானையும் ஜாவாவையும்தான் எழுதப் போகிறது, அது ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதைப் பற்றிய பேச்சு தமிழில் நடக்கட்டும். "டேய், அ-வுக்குள்ள ஆ-வோட மதிப்பைக் காப்பி பண்றான், ஆ அப்படியேதான் இருக்கும்" என்று ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லும்போது, சொன்ன பிள்ளைக்கும் புரிகிறது, கேட்ட பிள்ளைக்கும் புரிகிறது. ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொன்னால் இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வெட்டிப் போட்ட வரிகள்

நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கில் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் 2006ல் ஒரு புதிரை அறிமுகப்படுத்தினார்கள். சரியான நிரலின் வரிகளைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்துக் கொடுப்பது. மாணவர் வரிசைப்படுத்த வேண்டும். 2017ல் பார்பரா எரிக்சனும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வில், நிரலை முழுதாக எழுதிப் பழகியவர்களும் இந்தப் புதிரைப் போட்டவர்களும் ஒரே அளவு கற்றார்கள். புதிர் போட்டவர்களுக்கு ஆன நேரம் குறைவு. கமாவிலும் மேற்கோள்குறியிலும் லேப் நேரம் கரைவதில்லை. எந்த வரி எதற்கு முன் வர வேண்டும் என்பதிலேயே கவனம் முழுக்க நிற்கிறது. ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் எடுத்து, கத்தரிக்கோலால் வெட்டினால் வேலை முடிந்தது. லேபில் இருவருக்கு ஒரு சிஸ்டம் என்று காத்திருக்கும் வகுப்பில், காத்திருப்பவர்கள் கையில் இதைக் கொடுக்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி

அமெரிக்காவில் கணினி வகுப்பில் பெண்கள் குறைவு என்பது நெடுநாள் கவலை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995ல் கணினியியலில் சேர்ந்த பெண்கள் 7 சதவீதம். ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் மாணவர்களோடு பேசிப் பேசிக் காரணம் தேடினார்கள். சேர்க்கை முறை, முதல் வருஷப் பாடம், வகுப்பின் சூழல் எல்லாம் மாறின. 2000ல் அது 42 சதவீதமாக உயர்ந்தது. ஐந்து வருஷத்தில் பெண்களின் மூளை மாறவில்லை, கல்லூரி மாறியது.

நம் பக்கத்தில் நிலைமை வேறு. கணினி வகுப்பில் பெண் பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள். இந்தியப் பெண்கள் இந்தத் துறையைத் தங்களுக்கு ஏற்றதாகவே பார்க்கிறார்கள் என்று ரோலி வர்மா ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஓர் ஊரில் "ஆண்களுக்கான படிப்பு", இன்னோர் ஊரில் "பெண்களுக்கு ஏற்ற படிப்பு" என்றால், யாருக்கு வரும் என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது என்று ஆகிறது. மேல்விஷாரத்தில் பர்தா அணிந்து லேபில் உட்கார்ந்து லூப்பைக் கட்டம் போட்டுப் பிரிக்கிற ஒவ்வொரு பெண்ணும் பிறவித் திறமை பேசுகிறவர்களுக்கு ஒரு பதில். படிப்பு முடிந்தபின் அவர்கள் எத்தனை பேர் வேலைக்குப் போக முடிகிறது என்பது பெரிய விஷயம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

இயந்திரமே எழுதும் காலத்தில்

"இனிமே ஏஐ எழுதிடுமே சார், எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்கிறார்கள். 2022ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நிரல் எழுதும் கோடெக்ஸ் என்ற கருவிக்கு முதல் வருஷத் தேர்வை வைத்தார்கள். 71 மாணவர்களோடு சேர்த்து வரிசைப்படுத்தியபோது அது 17வது இடத்தில் வந்தது. இன்றைய கருவிகள் அதையெல்லாம் தாண்டிவிட்டன. இதனால் மனப்பாடம் செய்து எழுதும் திறமைக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் போய்விட்டது. இயந்திரம் எழுதித் தருவதைப் படித்து, இது நான் கேட்டதைச் செய்கிறதா, எந்த உள்ளீட்டில் தப்பும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை. மழைக் கணக்கில் ஓர் எண்கூட வராமல் முதலிலேயே 99999 வந்துவிட்டால் என்ன ஆகும்? பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும், நிரல் நின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்கிற கண்ணை வளர்ப்பதுதான் இப்போது கல்லூரியின் வேலை.

என்ன செய்யலாம்?

ஆசிரியர்களின் சிரமம் எனக்குத் தெரியும். அறுபது பேர் வகுப்பு, ஐந்து யூனிட், முடிக்க வேண்டிய தேதி, அங்கீகாரத்துக்கான ஃபைல்கள், சம்பளமும் பெரிதாக இல்லை. அதனால் நான் கேட்பது சிறிய விஷயங்கள். புதிய சிஸ்டம் வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம்.

வகுப்பின் முதல் பத்து நிமிடம் போர்டில் ஐந்தாறு வரி எழுதி, ஓடினால் என்ன வரும் என்று விரல் காட்டச் சொல்லுங்கள்; பிறகு பேச விடுங்கள், தமிழிலேயே பேசட்டும். லேபில் ரன் பட்டனை அழுத்துமுன் அவுட்புட் என்னவாக இருக்கும் என்று ரெக்கார்டில் பென்சிலால் எழுத வையுங்கள். இன்டர்னல் தேர்வு உங்கள் கையில்தான் இருக்கிறது. அதில் ஒரு கேள்வி மதிப்புக் கட்டம் போடுவதாக இருக்கட்டும், ஒரு கேள்வி வெட்டிக் கலைத்த வரிகளை அடுக்குவதாக இருக்கட்டும். தேர்வில் வந்தால்தான் நம் பிள்ளைகள் படிப்பார்கள், பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள்.

தன்னாட்சிக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டக் குழு சொந்தமாகவே இருக்கிறது. முதல் செமஸ்டர் வினாத்தாளில் கால்பங்கு மதிப்பெண்ணை நிரல் படிப்பதற்கு ஒதுக்க அவர்களால் ஒரே கூட்டத்தில் முடிவெடுக்க முடியும். அப்படி மாற்றினால், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் தேர்ச்சி எவ்வளவு என்று குறித்து வைத்து வெளியிடுங்கள். சான் டியாகோவிலும் ஜார்ஜியாவிலும் செய்தது அதுதான். தங்கள் வகுப்பையே அளந்தார்கள், மற்றவர்களுக்குச் சொன்னார்கள். இந்தத் துறையின் அடுத்த நல்ல கட்டுரை ராணிப்பேட்டை மாவட்டத்திலிருந்து வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஒன்று. இன்று இரவு உங்கள் ரெக்கார்டில் இருக்கிற ஒரு புரோகிராமை எடுங்கள். கட்டம் போட்டு, வரி வரியாக ஓட்டிப் பாருங்கள். புரியாத வரி வந்தால் அங்கே நில்லுங்கள், அதைக் குறித்துக்கொண்டு நாளைக்கு வகுப்பில் அந்த ஒரு வரியைக் கேளுங்கள். "எதுவுமே புரியலை சார்" என்பதற்கு எந்த ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது. "ஏழாவது வரியில எண்ணிக்கை ஏன் ஒண்ணு கூடுது?" என்பதற்கு எல்லோராலும் சொல்ல முடியும்.

பெற்றோருக்கு என் பதில்: வரும். உங்கள் பையனுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். "வருமா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, சேர்க்கப் போகிற கல்லூரியில் முதல் வருஷப் புரோகிராமிங்கை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பிளேஸ்மென்ட் எவ்வளவு, ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிற அதே உரிமையோடு கேளுங்கள்.